சாவேஸ் மறுபடி ஜெயித்த அன்று வெளிநாடுகள் ஏன் அப்படிப் பேசின? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2012 அக்டோபரில் வெனிசுவேலா மக்கள் ஹியூகோ சாவேஸை மீண்டும் அதிபராக்கினார்கள். ஒரு நாட்டின் உள்நாட்டுத் தேர்தல்தான். ஆனால் ஹவானாவில் நிம்மதிப் பெருமூச்சு, மயாமியில் அழுகை, நியூயார்க் பத்திரச் சந்தையில் சரிவு, கொலம்பியத் தலைநகர் போகோட்டாவில் யாரும் எதிர்பார்க்காத திருப்தி. இந்தத் தேர்தலைப் பற்றிப் பேச்சு வந்தால் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்குத் தெரிந்தவரை பதில் சொல்லிப் பார்க்கிறேன்.

அன்று நடந்தது என்ன?

2012 அக்டோபர் 7, ஞாயிற்றுக்கிழமை. இரவு பத்து மணியளவில் தேசியத் தேர்தல் மன்றத்தின் தலைவர் திபிசாய் லுசேனா தொலைக்காட்சியில் முடிவை அறிவித்தார். இந்தியாவில் அப்போது திங்கள் காலை எட்டு மணி. இறுதிக் கணக்கில் சாவேஸுக்கு 55.07 சதவீதம், எதிர்த்து நின்ற என்ரிக்கே கப்ரிலெஸுக்கு 44.31 சதவீதம். வித்தியாசம் சுமார் 16 லட்சம் ஓட்டு. ஓட்டுப் போட்டவர்கள் 80 சதவீதத்துக்கும் மேல்.

தோற்றவர் அன்றிரவே தோல்வியை ஒப்புக்கொண்டார். ஜெயித்தவர் அதிபர் மாளிகையான மிராஃப்ளோரெஸ் அரண்மனை மாடத்தில் வந்து நின்று, விடுதலை வீரர் சிமோன் பொலிவாரின் வாளைப் போலச் செய்த ஒன்றை உயர்த்திக் காட்டினார். கீழே சிவப்புச் சட்டைக் கடல்.

இவரை ஏன் 'இடதுசாரி வெகுஜனவாதி' என்கிறார்கள்? அவர் அப்படிச் சொல்லிக்கொண்டாரா?

இல்லை. தன் வழியை அவர் '21ஆம் நூற்றாண்டு சோஷலிசம்' என்றும், 'பொலிவாரியப் புரட்சி' என்றும்தான் சொன்னார். வெகுஜனவாதி, பாப்புலிஸ்ட் என்பதெல்லாம் பெரும்பாலும் பிடிக்காதவர்கள் ஒட்டும் பட்டம். ஆனாலும் அந்தச் சொல்லில் விஷயம் இல்லாமல் இல்லை. 'நாங்கள் மக்கள், அவர்கள் மேட்டுக்குடி' என்று நாட்டை இரண்டாகப் பிளந்து பேசுவது, கட்சியையும் அமைப்பையும் தாண்டி நேராக ஜனங்களிடம் பேசுவது, எல்லாவற்றையும் ஒரே மனிதரின் குரலில் கட்டி நிறுத்துவது, இவை அவரிடம் நிறையவே இருந்தன. ஞாயிற்றுக்கிழமைகளில் மணிக்கணக்கில் தொலைக்காட்சியில் உட்கார்ந்து பாடுவார், கதை சொல்வார், அமைச்சர்களைத் திட்டுவார். அதே நேரத்தில் எண்ணெய்ப் பணத்தைக் குடிசைப் பகுதிகளின் மருத்துவமனைக்கும் பள்ளிக்கும் மலிவு விலைக் கடைக்கும் திருப்பிவிட்டார். இரண்டையும் சேர்த்துப் பார்க்காதவர்களுக்கு அவர் ஏன் 1998, 2000, 2006, 2012 என நான்கு முறை ஜெயித்தார் என்பது புரியாது.

மூன்று கோடிப் பேர்கூட இல்லாத நாட்டுத் தேர்தலை உலகம் ஏன் இவ்வளவு கவனித்தது?

எண்ணெய். நிரூபிக்கப்பட்ட எண்ணெய் இருப்பில் சவூதி அரேபியாவையே வெனிசுவேலா முந்திவிட்டதாக எண்ணெய் ஏற்றுமதி நாடுகளின் அமைப்பான ஒபெக் 2011இல் கணக்குக் காட்டியது. 2012இல் ஒரு பீப்பாய் விலை நூறு டாலரைச் சுற்றி நின்றது.

ஆனால் எண்ணெய் இருப்பதனால் மட்டும் இல்லை. அந்த எண்ணெயைச் சாவேஸ் யாருக்கு, என்ன விலைக்குக் கொடுத்தார் என்பதில்தான் சங்கதி. கப்ரிலெஸின் பிரசாரத்தில் வெளிநாட்டவர் காதைத் தீட்டிக்கொண்டு கேட்ட வாக்குறுதி ஒன்று உண்டு: நான் வந்தால் வேறு நாட்டுக்கு ஒரு பீப்பாய்கூட இனாமாகப் போகாது. இந்த ஒரு வரி காரணமாகவே கரீபியக் கடலோரத்தில் பல தலைநகரங்கள் அக்டோபர் 7 இரவு தூங்கவில்லை. அதனால்தான் இந்தத் தேர்தலுக்கு வந்த வாழ்த்தையும் வசையையும் படிக்கும்போது, முதலில் பேசுபவரின் வீட்டுக் கணக்கைப் புரட்டிப் பார்ப்பது என் வழக்கம். சாவேஸைப் பற்றிப் பேசுவதுபோலத் தோன்றும். பாதிக்கு மேல் சொந்தக் கதையாக இருக்கும்.

முந்திக்கொண்டு வாழ்த்தியவர்கள் யார்?

அர்ஜென்டினா அதிபர் கிறிஸ்டினா பெர்னாண்டஸ் ட்விட்டரில் வரிசையாக எழுதித் தள்ளினார். நீ உழுதாய், விதைத்தாய், தண்ணீர் பாய்ச்சினாய், இன்று அறுவடை செய்துவிட்டாய் என்ற தொனியில் ஒன்று. உன் வெற்றி எங்கள் வெற்றியும்தான் என்று இன்னொன்று. ஈக்வடாரின் ரஃபேல் கொரேயா, பொலிவியாவின் ஈவோ மொராலெஸ், கியூபாவின் ராவுல் காஸ்ட்ரோ எல்லோரும் உடனுக்குடன் வந்துவிட்டார்கள்.

அர்ஜென்டினாவில் இதற்கு ஒரு மறுபக்கம் இருந்தது. கிறிஸ்டினாவும் அரசியலமைப்பைத் திருத்தி மூன்றாம் முறை நிற்பாரோ என்ற பேச்சு அங்கே சூடாக ஓடிக்கொண்டிருந்த நேரம். அதற்கு முந்தைய மாதம்தான் மக்கள் தட்டையும் சட்டியையும் தட்டிக்கொண்டு பியூனோஸ் ஐரஸ் தெருவில் இறங்கியிருந்தார்கள். சாவேஸோ 2009இல் வாக்கெடுப்பு நடத்தி, எத்தனை முறை வேண்டுமானாலும் நிற்கலாம் என்று விதியை மாற்றியவர். ஆகவே கிறிஸ்டினாவைப் பிடிக்காத அர்ஜென்டினாக்காரருக்கு, வெனிசுவேலாவின் தலைநகர் கராகஸில் வந்த முடிவு என்பது 'நாளைக்கு நமக்கும் இதுதான்' என்ற பயம். அந்தப் பக்கத்தின் பிரபல தொலைக்காட்சிச் செய்தியாளர் ஹோர்ஹே லனாட்டா தேர்தலைப் படம்பிடிக்கக் கராகஸ் போயிருந்தார். திரும்பும்போது விமான நிலையத்தில் உளவுத் துறையினர் அவர் குழுவை நிறுத்திவைத்து, எடுத்த படங்களை அழித்தார்கள். ஊர் திரும்பியதும் அவர் சொன்ன கதை அங்கே வாரக்கணக்கில் ஓடியது.

கியூபாவுக்கு இதில் என்ன?

விளக்கு எரிவதா அணைவதா என்பதுதான். சோவியத் யூனியன் சிதறியபின் 1990களில் கியூபா பட்ட பாட்டை நேரில் கண்ட தலைமுறை இன்னும் இருக்கிறது: நாள் முழுக்க மின்வெட்டு, பேருந்துக்குப் பதில் சைக்கிள், இளைத்துப்போன உடம்புகள். வெனிசுவேலாவிலிருந்து நாளொன்றுக்கு வந்துகொண்டிருந்த சுமார் ஒரு லட்சம் பீப்பாய் எண்ணெய் நின்றால் அதே காலம் திரும்பும். பதிலுக்கு கியூபா அனுப்பியது மனிதர்களை. ஆயிரமாயிரம் மருத்துவர்கள், செவிலியர்கள், விளையாட்டுப் பயிற்சியாளர்கள் கராகஸ் மலைச்சரிவுக் குடிசைகளில் வேலை பார்த்தார்கள். ராவுல் காஸ்ட்ரோவின் வாழ்த்தில் லத்தீன் அமெரிக்க ஒருமைப்பாடு பற்றிய பெரிய வார்த்தைகள் இருந்தன. அடியில் இருந்தது மின்சாரம்.

பெட்ரோகரீபே என்கிறார்களே, அது எப்படி நடந்தது?

கரீபியக் கடலைச் சுற்றியுள்ள நாடுகளுக்கு வெனிசுவேலா எண்ணெய் கொடுக்க 2005இல் தொடங்கிய ஏற்பாடு. இனாம் என்று சொல்வது சரியில்லை, கடன் என்று சொல்வதே பொருத்தம். எண்ணெய் விலை நூறு டாலரைத் தாண்டினால், வாங்கும் நாடு 40 சதவீதத்தை உடனே கட்டினால் போதும். மீதி 60 சதவீதம் 25 ஆண்டுக் கடன், வட்டி 1 சதவீதம். இப்படி ஒரு கடன் எந்த வங்கியில் கிடைக்கும்? ஜமைக்கா, ஹைட்டி, டொமினிகன் குடியரசு, நிகராகுவா என்று பல நாடுகள் சேர்ந்தன.

இன்னொரு வசதியும் இருந்தது. காசுக்குப் பதில் விளைபொருள் கொடுக்கலாம். டொமினிகன் குடியரசு கறுப்பு பீன்ஸ் அனுப்பியது. கயானா நெல்லும் அரிசியும் அனுப்பியது. கயானாவில் நெல் போடுபவர்களில் பெரும்பாலோர் இந்திய வம்சாவளியினர். கரும்புத் தோட்டத்துக்குக் கூலிகளாகக் கப்பலேற்றப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள். சென்னைத் துறைமுகத்தில் ஏறியவர்களின் சந்ததியை அங்கே இன்றும் 'மதராசி' என்றே சொல்கிறார்கள். சந்தை விலையைவிட நல்ல விலைக்கு வெனிசுவேலா அந்த அரிசியை எடுத்துக்கொண்டது. ஆக, கராகஸில் யார் ஜெயிக்கிறார்கள் என்பது கயானாவின் கடலோர வயலில் அறுவடை எந்திரத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் விவசாயிக்கும் கவலை. அந்தக் கவலை வீண் இல்லை என்பது 2015இல் தெரிந்தது. எசெகிபோ நிலப்பகுதி யாருக்கு என்ற பழைய எல்லைத் தகராறு மறுபடி கிளம்பியபோது வெனிசுவேலா அரிசி ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை.

கொலம்பியாவில் அப்போது வலதுசாரி ஆட்சியாயிற்றே, அவர்கள் ஏன் மகிழ்ந்தார்கள்?

எனக்கு இந்த முழுக் கதையில் மிகவும் பிடித்த பகுதி இதுதான். அதிபர் ஹுவான் மானுவேல் சாண்டோஸ் முந்தைய அரசில் பாதுகாப்பு அமைச்சர். ஃபார்க் என்ற இடதுசாரி ஆயுதக் குழுவின் கெரில்லாக்களை வேட்டையாடியவர். சாவேஸோடு வாய்ச்சண்டை போட்டவர். 2010 ஆகஸ்டில் பதவியேற்ற சில நாளிலேயே சாண்டா மார்த்தாவில் சாவேஸைச் சந்தித்து, அறுந்துபோன உறவை ஒட்டவைத்தார். அப்புறம் அவரைத் தன் 'புதிய நெருங்கிய நண்பர்' என்று சொல்லி, சொந்தக் கட்சிக்காரர்களின் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொண்டார்.

2012 அக்டோபரில் விஷயம் இன்னும் நெருக்கம். அரை நூற்றாண்டு உள்நாட்டுப் போரை முடிக்க ஃபார்க்குடன் பேச்சுவார்த்தை ஓஸ்லோவில் தொடங்க இருந்தது. அது தொடங்கிய தேதி அக்டோபர் 18, தேர்தல் முடிந்து பதினோராவது நாள். கியூபாவும் நார்வேயும் உத்தரவாத நாடுகள். வெனிசுவேலாவும் சிலியும் துணை நாடுகள். கெரில்லாக்களை மேசைக்கு இழுத்துவந்ததில் சாவேஸுக்குப் பங்கு உண்டு. எல்லைக்கு அந்தப் பக்கம் கெரில்லாக்களுக்கு ஒதுங்க இடம் கிடைத்ததும் அவர் ஆட்சியில்தான் என்பது வேறு கதை. நடுவழியில் ஓட்டுநர் மாறினால் என்ன ஆகுமோ என்ற கலக்கம் சாண்டோஸுக்கு இருந்திருக்கும். கொள்கையில் நேர் எதிரி, அந்த மாதத்துக்கு மட்டும் தேவையான ஆள்.

பிரேசில்?

அங்கே ஒரு வேடிக்கை. அப்போது முன்னாள் அதிபராக இருந்த லூலா, தேர்தலுக்கு மூன்று மாதம் முன்பே சாவேஸுக்கு ஆதரவாகக் காணொளி அனுப்பினார். லூலாவின் தேர்தல் விளம்பரக்காரர் ஜோவாவ் சாண்டானாதான் சாவேஸின் பிரசாரத்தையும் வடிவமைத்தார். எதிர்ப்பக்கம் கப்ரிலெஸும் என் முன்மாதிரி லூலாவின் பிரேசில்தான் என்று மேடைக்கு மேடை சொன்னார். இருவருமே ஒரே மாமனாரைக் காட்டிப் பெண் கேட்டது மாதிரி.

அதிபர் தில்மா ரூசெப் தொலைபேசியில் வாழ்த்தினார். ஜூலை கடைசியில்தான் மெர்கோசூர் வணிகக் கூட்டமைப்பில் வெனிசுவேலா சேர்ந்திருந்தது. பிரேசிலின் கோழியும் மாட்டிறைச்சியும் கட்டுமான நிறுவனங்களும் அந்தச் சந்தைக்குள் போய்க்கொண்டிருந்தன.

அமெரிக்கா வாழ்த்தியதா இல்லையா?

வாழ்த்தியது, ஆனால் சாவேஸை இல்லை. வெள்ளை மாளிகைப் பேச்சாளர் ஜே கார்னி, அதிபர் சாவேஸுடன் எங்களுக்குக் கருத்து வேறுபாடு உண்டு என்று தொடங்கி, பெருவாரியாக வந்து ஓட்டுப் போட்டதற்காகவும் பெருமளவு அமைதியாக நடத்தியதற்காகவும் வெனிசுவேலா மக்களைப் பாராட்டினார். கல்யாணத்துக்குப் போய் மாப்பிள்ளையைப் பார்க்காமல் சமையலை மட்டும் மெச்சிவிட்டு வருவது போன்ற வாழ்த்து. ஐநா சபையில் 2006இல் புஷ்ஷைப் பிசாசு என்று சொல்லி, இங்கே இன்னும் கந்தக நாற்றம் அடிக்கிறது என்று மூக்கைச் சுளித்த மனிதருக்கு அதற்கு மேல் எப்படிக் கிடைக்கும்?

ஆனால் வாய்ச்சண்டை ஒரு பக்கம், வியாபாரம் ஒரு பக்கம். அந்த ஆண்டிலும் அமெரிக்கா வெனிசுவேலாவிடமிருந்து நாளுக்கு ஏறத்தாழ 9 லட்சம் பீப்பாய் வாங்கிக்கொண்டிருந்தது. தேர்தலுக்கு ஒரு வாரம் முன்பு, நான் அமெரிக்கனாக இருந்தால் ஒபாமாவுக்கே ஓட்டுப் போடுவேன் என்று சாவேஸ் வேறு சொல்லிவைத்தார். ஒபாமாவின் ஆட்கள் தலையில் கை வைத்திருப்பார்கள். அவருக்கும் நவம்பரில் தேர்தல், ஃபுளோரிடா மாநிலம் இழுபறி.

நியூயார்க்கின் சவுத் பிராங்க்ஸ் போன்ற ஏழைப் பகுதிகளில், குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்கும் எண்ணெயைச் சிட்கோ நிறுவனம் 2005 முதல் தள்ளுபடியிலும் இலவசமாகவும் கொடுத்துவந்தது. சிட்கோ அப்போது வெனிசுவேலா அரசுக்குச் சொந்தமாக இருந்தது. வாஷிங்டன் முகம் சுளித்த அதே மனிதரின் எண்ணெய் அதே நாட்டின் ஏழை வீடுகளில் எரிந்துகொண்டிருந்தது.

மயாமியிலிருந்து நியூ ஆர்லியன்ஸ் வரை பேருந்தில் போய் ஓட்டுப் போட்டார்களாமே, உண்மையா?

உண்மை. வெளிநாட்டு எதிர்வினை என்றாலே அதிபர்களின் அறிக்கைகளைத்தான் எடுத்து வைக்கிறோம். ஆயிரத்து முந்நூறு கிலோமீட்டர் போய்ப் போட்ட ஓட்டுக்கு முன்னால் அந்த அறிக்கைகள் எம்மாத்திரம்?

பின்னணி இது. 2011 டிசம்பரில் ஒரு ஸ்பானிஷ் மொழித் தொலைக்காட்சி ஆவணப்படம், மயாமியில் இருந்த வெனிசுவேலா துணைத் தூதர் முன்பு மெக்சிகோவில் பணிபுரிந்தபோது அமெரிக்காவின் மீது இணையத் தாக்குதல் நடத்துவது பற்றிப் பேசினார் என்று குற்றஞ்சாட்டியது. 2012 ஜனவரியில் அமெரிக்கா அவரை வெளியேற்றியது. சாவேஸ் பதிலுக்கு மயாமி தூதரக அலுவலகத்தையே மூடிவிட்டார். அங்கே பதிவு செய்திருந்த வாக்காளர்கள் கிட்டத்தட்ட இருபதாயிரம் பேர். ஃபுளோரிடா மட்டுமல்ல, ஜார்ஜியா, இரண்டு கரோலினா மாநிலங்களில் இருந்தவர்களும் இதில் சேர்த்தி. வெளிநாட்டிலேயே பெரிய வாக்குச்சாவடிகளில் ஒன்று. பிற்பாடு தேர்தல் மன்றம் சொன்ன ஏற்பாடு: நியூ ஆர்லியன்ஸ் போய்ப் போட்டுக்கொள்ளுங்கள்.

அங்கே இருந்த நிறையப் பேருக்கு அது தண்டனையாகத்தான் பட்டது. எனக்கும் வேறு மாதிரி பார்க்கத் தெரியவில்லை. மயாமிக்காரர்கள் யாருக்குப் போடுவார்கள் என்பது ஊரறிந்த விஷயம்.

அவர்கள் பேருந்து பிடித்தார்கள். பணம் திரட்டி விமானம் ஏற்பாடு செய்தார்கள். மஞ்சள், நீலம், சிவப்புக் கொடி வண்ணத் தொப்பி; கப்ரிலெஸ் மேடைகளில் போட்ட அதே தொப்பி. இரவு முழுக்கப் பதினைந்து மணிநேரத்துக்கும் மேல் சாலையில். சக்கர நாற்காலியில் பாட்டிகள், கைக்குழந்தையோடு தாய்மார்கள். அப்படிப் போய் ஓட்டுப் போட்டவர்கள் சுமார் எட்டாயிரத்து ஐந்நூறு பேர். ஏறத்தாழ எல்லா ஓட்டும் கப்ரிலெஸுக்கு.

அங்கிருந்து ஊர் திரும்பும் பேருந்துகளில் இருந்தவர்களுக்கு வழியில்தான் முடிவு தெரிந்தது. மயாமியை ஒட்டிய டோரல் நகரில், வெனிசுவேலாக்காரர் அதிகமாகிப்போய் 'டோரல்சுவேலா' என்றே பேர் வாங்கிய ஊரில், பெட்ரோல் பங்க் ஒன்றை ஒட்டிய எல் அரெபாஸோ என்ற கடையில் கூட்டம் கூடியிருந்தது. சோள மாவு ரொட்டியைப் பிளந்து உள்ளே இறைச்சியோ பாலாடைக்கட்டியோ வைத்துத் தரும் அரெப்பாதான் அந்தக் கடையின் சரக்கு. பாட்டும் ஆட்டமுமாக இருந்த இடம் பத்து மணிக்கு மேல் அழுகையாயிற்று.

வெளிநாட்டில் வாழும் வெனிசுவேலாக்காரர் ஏன் இப்படி ஒரே பக்கம் சாய்ந்தார்கள்?

யார் வெளியேறினார்கள் என்று பார்த்தால் பதில் கிடைத்துவிடும். 2012 வரை வெளியேறியவர்கள் பெரும்பாலும் நடுத்தர, மேல்தட்டுக் குடும்பங்கள். இதில் ஒரு கூட்டம் தனி. 2002 டிசம்பரில் தொடங்கி இரண்டு மாதம் நீண்ட எண்ணெய்த் துறை வேலைநிறுத்தத்தை முறியடித்தபின், அரசு எண்ணெய் நிறுவனமான பெதெவேசாவிலிருந்து சாவேஸ் சுமார் 18,000 பேரை வீட்டுக்கு அனுப்பினார். நிலவியல் வல்லுநர், துளையிடும் பொறியாளர், சுத்திகரிப்பு நிபுணர். இவர்கள் ஹூஸ்டனுக்கும் கனடாவின் கால்கரிக்கும் கொலம்பியாவுக்கும் போனார்கள். வெனிசுவேலாவின் ஒரினோகோ படுகையின் தார் போன்ற கெட்டி எண்ணெயைக் கையாளப் பழகியவர்களுக்கு, கால்கரி இருக்கும் ஆல்பர்ட்டா மாநிலத்தின் எண்ணெய் மணல் கைவந்த வேலை. வெனிசுவேலாவில் எண்ணெய் உற்பத்தி சுணங்க, கொலம்பியாவில் ஏறியதற்கு இந்த ஆட்களும் ஒரு காரணம்.

வேலையிலிருந்து தூக்கப்பட்டவன் எப்படி ஓட்டுப் போடுவான்? வெளிநாட்டு ஓட்டில் பத்தில் ஒன்பது பங்கு கப்ரிலெஸுக்குப் போனதில் ஆச்சரியம் இல்லை. ஆனால் இதை வைத்து உண்மையான வெனிசுவேலா இதுதான் என்று மயாமித் தொலைக்காட்சிகள் பேசியது தப்பு. வெளிநாட்டுப் பதிவு வாக்காளர் மொத்தம் சுமார் ஒரு லட்சம். உள்ளே இருந்தவர்கள் ஒன்றே முக்கால் கோடிக்கும் மேல்.

தேர்தல் நேர்மையாக நடந்ததா? இதைப் பற்றி வெளியே என்ன சொன்னார்கள்?

இரண்டு கேள்வியைப் போட்டுக் குழப்பிக்கொள்வதுதான் வழக்கம்.

எண்ணிக்கை நேர்மையா? ஆம் என்றே பெரும்பாலோர் சொன்னார்கள். விரல் ரேகையை வைத்தால்தான் எந்திரம் திறக்கும். திரையைத் தொட்டு ஓட்டுப் போட்டால் காகிதச் சீட்டு ஒன்று வரும்; அதைச் சரிபார்த்துப் பெட்டியில் போட வேண்டும். இரவில் பாதிக்கு மேற்பட்ட பெட்டிகளைத் திறந்து எந்திரக் கணக்கோடு ஒப்பிடுவார்கள். தாங்கள் கண்காணித்த 92 தேர்தல்களில் வெனிசுவேலாவின் தேர்தல் முறையே உலகில் சிறந்தது என்று முன்னாள் அமெரிக்க அதிபர் ஜிம்மி கார்ட்டர் 2012 செப்டம்பரில் சொன்னார். சாவேஸ் ஆதரவாளர்கள் இந்த வாக்கியத்தை இன்றுவரை கைவிடவில்லை.

ஆடுகளம் சமமா? இல்லை. நினைத்த நேரத்தில் எல்லா அலைவரிசையிலும் சாவேஸ் பேச்சை ஒளிபரப்ப முடியும். அரசு ஊழியர் கூட்டத்துக்கு வந்தாக வேண்டும். அரசு வீடு தரும் திட்டம் தேர்தல் ஆண்டில் பாய்ச்சலெடுத்தது. கார்ட்டர் சொன்னது ஓட்டு எந்திரத்தைப் பற்றி. பேசியவர்கள் அதை மொத்த ஜனநாயகத்துக்கும் சான்றிதழாக்கினார்கள். எதிர்ப்பக்கத்தில் பலர் ஆடுகளத்தின் சாய்வைக் காட்டி ஓட்டே திருட்டு என்றார்கள். கப்ரிலெஸே அப்படிச் சொல்லவில்லை என்பதுதான் அவர்களுக்குச் சங்கடம்.

ஐரோப்பா என்ன சொன்னது?

ஐரோப்பிய ஒன்றியத்தின் வெளியுறவுத் தலைவர் கேத்தரின் ஆஷ்டன் வாழ்த்திவிட்டு, எல்லாத் தரப்பையும் அரவணைத்துப் போங்கள் என்று கேட்டுக்கொண்டார். அதிகாரபூர்வமாக அவ்வளவுதான்.

தெருவில் சுவாரசியம் அதிகம். லண்டன் இடதுசாரிகளுக்குச் சாவேஸ் தூரத்து நாயகர் இல்லை, பேருந்து டிக்கெட்டில் வந்தவர். 2007இல் மேயர் கென் லிவிங்ஸ்டன் போட்ட ஒப்பந்தத்தில் வெனிசுவேலா மலிவாக டீசல் கொடுத்தது. உதவித்தொகையில் வாழும் லண்டன்வாசிகள் பாதிக் கட்டணத்தில் பயணித்தார்கள். மறு ஆண்டு போரிஸ் ஜான்சன் மேயரானதும் அதை நிறுத்தினார். வெனிசுவேலாவில் அதைவிட ஏழைகள் இருக்கும்போது லண்டனுக்கு ஏன் மானியம் என்ற கேள்வி அப்போதே எழுந்தது. நியாயமான கேள்விதான்.

ஸ்பெயினுக்கும் சாவேஸுக்கும் 2007இல் ஒரு மாநாட்டில் நடந்தது தெரிந்திருக்கும். இடைவிடாமல் குறுக்கிட்ட சாவேஸைப் பார்த்து மன்னர் ஹுவான் கார்லோஸ், நீ ஏன் வாயை மூடக்கூடாது என்றார். அந்த வாக்கியம் கைப்பேசி ரிங்டோனாகி விற்றது.

ஈரான், சிரியா, ரஷ்யா, சீனா எல்லாம்?

முதல் மூன்றும் எதிர்பார்த்தபடிதான். உள்நாட்டுப் போரில் சிக்கியிருந்த சிரியாவுக்கு அந்த ஆண்டு டீசல் கப்பல் அனுப்பியவர் சாவேஸ். அப்போதைய சிரிய அதிபர் அசாத் வாழ்த்தாமல் இருப்பாரா? சீனாவின் வாழ்த்து சம்பிரதாயமானது, அடக்கமானது. ஆனால் அடகு அதிகம். எண்ணெயாகத் திருப்பித் தரும் கணக்கில் அதுவரை 3,000 கோடி டாலருக்கு மேல் கடன் கொடுத்திருந்தார்கள்.

பங்குச் சந்தைக்காரர்கள்?

கப்ரிலெஸ் ஜெயிப்பார் என்று பந்தயம் கட்டி வெனிசுவேலா அரசுப் பத்திரங்களை விலை ஏற்றியிருந்தார்கள். மறுநாள் இறங்கியது. அவ்வளவே. வட்டி கொழுத்த பத்திரம் என்பதால் சாவேஸைத் திட்டிக்கொண்டே அவர் அரசின் கடன் பத்திரங்களை வாங்கி லாபம் பார்த்தவர்கள் இவர்கள்.

இந்தியாவில்?

இடதுசாரிக் கட்சிகளுக்கு அவர் பழக்கமானவர். 2005 மார்ச்சில் கொல்கத்தா வந்தபோது இடது முன்னணி ஆட்சி அவரைக் கொண்டாடியது. ஆனால் 2012இல் இந்தியாவுக்கும் வெனிசுவேலாவுக்கும் நடுவே கனமான கயிறு ஜாம்நகரில் இருந்தது. தேர்தலுக்கு இரண்டு வாரம் முன்புதான் ரிலையன்ஸ் நிறுவனம் பெதெவேசாவுடன் 15 ஆண்டு ஒப்பந்தம் போட்டது: நாளுக்கு மூன்று முதல் நான்கு லட்சம் பீப்பாய் கெட்டி எண்ணெய். மலிவாகக் கிடைக்கும் அந்தக் கந்தகம் மிகுந்த எண்ணெயைச் சுத்திகரிக்க ஜாம்நகர் போல வசதியுள்ள ஆலைகள் உலகில் குறைவு. 21ஆம் நூற்றாண்டு சோஷலிசத்தின் பெரிய வாடிக்கையாளர்களில் ஒருவர் முகேஷ் அம்பானி. கொல்கத்தாவில் செங்கொடி பிடித்தவர்கள் இதை எப்படிச் செரித்தார்களோ.

ஈழத்தமிழர்கள் சாவேஸ் பெயரைக் கேட்டால் ஏன் முகம் திருப்புகிறார்கள்?

எல்லோரும் இல்லை, ஆனால் காரணம் இருக்கிறது. போர் முடிந்த 2009 மே மாதம் ஜெனிவாவில், ஐநா மனித உரிமைப் பேரவையில், இலங்கை அரசுக்குச் சாதகமான தீர்மானத்தைக் கியூபா, பொலிவியா, நிகராகுவா எல்லாம் ஆதரித்தன. இந்தியாவும்தான். வெனிசுவேலா அப்போது அந்தப் பேரவையில் உறுப்பினர் இல்லை. உறுப்பினரான பின் 2013 மார்ச் 21 அன்று இலங்கையைக் கண்டித்து அமெரிக்கா கொண்டுவந்த தீர்மானத்தை எதிர்த்த 13 நாடுகளில் வெனிசுவேலாவும் ஈக்வடாரும் இருந்தன. சாவேஸ் இறந்து பதினாறே நாள். அமெரிக்கா கொண்டுவந்தது, ஆகவே எதிர்ப்போம் என்பதற்கு மேல் அதில் யோசனை எதுவும் தெரியவில்லை. ஏகாதிபத்திய எதிர்ப்பு என்று சிவப்புச் சட்டை போட்டுக்கொண்ட தமிழ் இளைஞர்கள் பலருக்கு அன்று வாயடைத்தது.

அவர் நோயாளி என்பது யாருக்கும் தெரியாதா?

எல்லோருக்கும் தெரியும். 2011 ஜூனில் புற்றுநோய்க் கட்டியை அகற்றியதாக அவரே ஹவானாவிலிருந்து அறிவித்தார். 2012 ஜூலையில் குணமாகிவிட்டது என்றார். அக்டோபர் 4, கராகஸில் கடைசிப் பிரசாரக் கூட்டம். கொட்டும் மழை. வீங்கிய முகத்தோடு, சொட்டச் சொட்ட நனைந்துகொண்டு, மேடையில் ஆடினார். அந்தப் படத்தைப் பார்த்தவர்கள் ஆள் தேறிவிட்டார் என்று நம்பினார்கள், அல்லது நம்ப விரும்பினார்கள்.

வாழ்த்தியவர்களும் வைதவர்களும் அடுத்த ஆறு ஆண்டைப் பற்றியே பேசினார்கள். டிசம்பர் 8 அன்று, எனக்கு ஏதாவது ஆனால் துணை அதிபர் நிக்கோலஸ் மதுரோவைத் தேர்ந்தெடுங்கள் என்று சொல்லிவிட்டு அவர் மறுபடி ஹவானா அறுவைச் சிகிச்சைக்குப் போனார். ஜனவரி 10 பதவியேற்பு, ஆள் வரவில்லை. வராத அதிபருக்காகக் கராகஸில் நடந்த கூட்டத்தில் உருகுவேயின் முஹிகாவும் பொலிவியாவின் மொராலெஸும் நிகராகுவாவின் ஒர்டேகாவும் வந்து நின்றார்கள். அந்த மாதமே ஸ்பெயினின் எல் பாயிஸ் நாளிதழ், தொண்டையில் குழாயோடு படுத்திருக்கும் சாவேஸ் என்று முதல் பக்கத்தில் ஒரு படம் போட்டு, அது வேறு யாரோ என்று தெரிந்ததும் அச்சடித்த பிரதிகளைத் திரும்பப் பெற ஓடியது.

அப்புறம்?

2013 மார்ச் 5 அன்று சாவேஸ் இறந்தார். ஏப்ரல் 14இல் மறுதேர்தல். மதுரோவுக்கும் கப்ரிலெஸுக்கும் வித்தியாசம் ஒன்றரை சதவீதம். மயாமி தூதரக அலுவலகம் அப்போதும் திறக்கவில்லை. டோரலிலிருந்து பேருந்துகள் மறுபடி கிளம்பின, அதே தொப்பி, அதே நியூ ஆர்லியன்ஸ் சாலை.